முன்னால் புதுசு, பின்னால் பழசு

போன ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் கொல்லிமலைக்குப் போய்விட்டு உயிரோடு திரும்பினோம். 'உயிரோடு' என்பதைச் சும்மா சேர்க்கவில்லை... கேளுங்கள்.

அதற்கு இரண்டு நாள் முன்புதான் காருக்கு விலை கூடிய டயர் வாங்கினேன். ஈர ரோட்டிலும் வளைவைக் கவ்விப் பிடிக்குமாம். கடைக்காரர், "நாலையும் மாத்திருங்க" என்றார். "ஸ்டீயரிங் திருப்புறது முன் சக்கரத்தைத்தானே? முன்னாடி ரெண்டு போதும்" என்றேன். அவர் மேற்கொண்டு ஏதோ சொல்ல வந்தார். நான் எங்கே கேட்டேன்?

ஏறும்போது ராஜபோகம். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் ஒரு கிறீச் சத்தம் இல்லை. மலைமேல் வளப்பூர் நாட்டில் உறவினர் வீட்டு விருந்து முடித்துக் கிளம்பியபோது தூறல். எனக்கோ புது டயர் தெம்பு.

"எப்படிப் புடிக்குது பாத்தியா?"

"டயரு ரோட்டைப் புடிக்குதோ என்னமோ, நான் கதவைப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறனுங்க" என்றாள் மனைவி.

அடுத்த வளைவு. பிரேக் போட்டுத் திருப்பினேன். முன்பக்கம் சொன்ன பேச்சைக் கேட்டது. பின்பக்கம் கேட்கவில்லை — பள்ளத்தை நோக்கி அப்படியே வழுக்கியது! ரோட்டுக்குக் குறுக்கே போய் நின்றோம். தடுப்புச்சுவருக்கு ஒரு சாண். சுவருக்கு அந்தப் பக்கம் மர உச்சிகள்.

வளைவுக்குச் சற்றுக் கீழே, ஏறி வந்த ஒரு பிக்கப் வேன் நின்றிருந்தது. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. ஆனாலும் நான் வந்த வேகத்தைப் பார்த்து அந்த டிரைவர் ஒதுங்கி நின்றுவிட்டார். அவர் பாட்டுக்கு ஏறியிருந்தால்?

இறங்கி வந்தவர் திட்டவில்லை. என் பின் டயரைத் தடவிப் பார்த்தார். மொட்டை.

"ஏனுங்க, முன்னங்காலுக்கு மட்டும் லாடம் அடிச்சு உட்டா மாடு எறக்கத்துல நிக்குமுங்களா? புதுசு ரெண்டுதான் இருந்தா பொறகால மாட்டோணுமுங்க. பின்னாடி வழுக்குச்சுன்னா எந்த டிரைவராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

கடைக்காரர் சொல்ல வந்ததும் இதுதானோ?

மதியச் சாப்பாட்டுக்கு மேலே வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர், வேனைத் திருப்பினார். "பயப்படாதீங்கக்கா" என்று மனைவிக்கு ஒரு வார்த்தை. எனக்கு உத்தரவு: "எம்பொறகாலயே வாங்க. நான் பிரேக் புடிக்கற எடத்துல நீங்களும் புடிங்க. முந்தாதீங்க சாமி!"

முந்துவதா? நான் மூச்சையே மெதுவாகத்தான் விட்டேன்.

காளப்பநாயக்கன்பட்டி டயர் கடை வரைக்கும், நத்தை மாதிரி, முன்னால் போய் வழிகாட்டிக் கொண்டுவந்து விட்டார். "டீயாவது சாப்பிடுங்க" என்றேன். "பசிக்குதுங்க, வாரேன்" — அத்தனை வளைவும் மறுபடி ஏறப் போய்விட்டார்.

இப்போது நான்கும் புதுசு. பிடிமானம் பிரமாதம்தான். ஆனால் அன்றைக்கு எங்களை ஊர் சேர்த்தது, முன்பின் தெரியாத ஒருவர் பசியோடு ஓட்டிய வேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: "அந்தத் தம்பி பேரென்னங்க?"

டயரில் அச்சடித்திருப்பதை ஓர் எழுத்து விடாமல் ஒப்பிப்பேன்... அவர் பேரைத்தான் கேட்கவே இல்லை.