சவரிராயன் சூடு பார்த்த கதை

திருச்சியில் ஒரு கல்லூரியின் பௌதிகக் கூடத்தில் செய்முறை காட்டும் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்த சவரிராயனுக்கு 1936-ஆம் வருஷம் ஒரு பைத்தியம் பிடித்தது. சூடான பொருள் எதிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் கிளம்புகின்றன. அவற்றைத் தொடாமல், தூரத்தில் நின்றே பிடித்துவிட வேண்டும்.

பாலக்கரையில் பழைய மோட்டார் கார் முன்விளக்கு ஒன்றை வாங்கினார். பல்பைக் கழற்றிவிட்டு, இருவகை உலோகக் கம்பிகளை இணைத்துப் பற்றவைத்த சிறு கட்டு ஒன்றை அங்கே பொருத்தினார். விளக்கின் குழிந்த தட்டு வெப்பக் கதிர்களைத் திரட்டி அந்தக் கட்டின்மேல் குவிக்கும். கம்பியில் துளி மின்சாரம் பிறக்கும். கல்லூரியில் கேட்டு வாங்கிவந்த கால்வனாமீட்டர் அதை உணர்ந்து அசைய, அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் சுவரில் ஒரு பொட்டாக நகரும். காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பொட்டுதான் எட்டு நாளாக நகரவில்லை.

ஒன்பதாம் நாள் அவர் மனைவி லூர்துராணி, விளக்கின் முன்பக்கக் கண்ணாடியைக் கழற்றிக் கழுவி வெயிலில் வைத்தவர், திரும்ப மாட்ட மறந்துவிட்டார். காப்பியோடு அவர் உள்ளே வந்ததுதான் தாமதம், பொட்டு குதித்து ஓடியது.

“அடடா! கண்ணாடி வெளிச்சத்தை விடும், இந்தச் சூட்டை விடாது. வருஷா வருஷம் பாடம் நடத்துறேன், எனக்கே மறந்துபோச்சே!”

“காப்பி சூடா இருக்கான்னு தொட்டுப் பார்த்தா தெரியாதாங்க?”

“தொடாமத் தெரியணும் ராணி.”

“குடிக்கிறதும் தொடாமலேதானா?”

செய்தி உறையூருக்குப் போனது. அங்கே லூர்துராணியின் தம்பி அற்புதசாமி சுருட்டுப் பட்டறை நடத்திவந்தார். பதப்படுத்தக் குவித்த புகையிலை உள்ளுக்குள் சூடேறும். அளவு மீறினால் கருகிவிடும். எந்தக் குவியலை எப்போது பிரிக்க வேண்டும் என்று சொல்பவர் பட்டறையில் வேலை பார்க்கும் காளியாயி. முழங்கை வரை கையை விட்டுப் பார்த்துச் சொல்லுவார். இருபது வருஷமாகத் தப்பியதில்லை.

“மச்சான், உங்க விளக்கைக் கொண்டாங்க. காளியாயி கையோட ஒரு போட்டி வைப்போம்” என்றார் அற்புதசாமி.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பட்டறையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஐந்து குவியல்கள். காளியாயி கையை விட்டுப் பார்த்து, “மூணாவது” என்றார். சவரிராயன் விளக்கை ஒவ்வொன்றாகத் திருப்பினார். ஐந்தாவதிடம் பொட்டு சுவரில் மாட்டிய அளவுகோலைத் தாண்டி ஓடியது.

பிரித்துப் பார்த்தார்கள். மூன்றாவதில் ஆவி பறந்தது. ஐந்தாவது சில்லென்று இருந்தது. பட்டறையே சிரித்தது. காளியாயி மட்டும் சிரிக்கவில்லை.

“அய்யா, அந்த விளக்கை இன்னொருக்கா திருப்புங்க.”

ஐந்தாவது குவியல்தான் பிரிந்து கிடக்கிறதே! ஆனாலும் பொட்டு மறுபடி ஓடியது. குவியலுக்குப் பின்னால், அதைவிட உயரமாக நின்றது தார் பூசிய தகரத் தடுப்பு. காளியாயி அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார்.

எல்லோரும் பின்பக்கம் ஓடினார்கள். பெருக்கிக் கொட்டியிருந்த புகையிலைத் தூசும் காம்பும் தகரத்தை ஒட்டிப் புகையில்லாமல் கனன்றுகொண்டிருந்தன. கூரை கீற்றுக் கூரை. பத்துக் குடம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் அற்புதசாமிக்கு மூச்சு வந்தது.

விளக்கைப் பட்டறையிலேயே நிரந்தரமாக வைக்கச் சொல்லி அவர் கெஞ்சினார். வைத்தும் பார்த்தார்கள். தெருவில் ஜட்கா வண்டி போனாலே பொட்டு ஆடியது; நாலே நாளில் சவரிராயன் கழற்றிக்கொண்டு போய்விட்டார். தினமும் தகரத்தைத் தொட்டுப் பார்க்கும் வேலையும் காளியாயிக்கு வந்து சேர்ந்தது.

கல்லூரிப் பத்திரிகைக்குச் சவரிராயன் ஆங்கிலத்தில் மூன்று பக்கக் கட்டுரை எழுதினார். ‘சோதனையில் உடனிருந்து சரிபார்த்தவர்: காளியாயி’ என்ற வரியைப் பத்திரிகை ஆசிரியர் அடித்துவிட்டார். பட்டறைக்காரி பெயர் எதற்கு என்று கேட்டாராம். சவரிராயன் வாழ்நாளில் சண்டை போட்டது அந்த ஒரு முறைதான். வரி அச்சாகி வந்தது.

பத்திரிகையைப் பட்டறைக்கு எடுத்துப் போய் அந்த வரியைத் தமிழில் சொல்லிக் காட்டினார். காளியாயி தாளை வாங்கி, கடைசிப் பக்கத்திலிருந்த படத்தை உற்றுப் பார்த்தார்.

“உங்க விளக்கை மட்டும் வரைஞ்சிருக்கீங்க. என் கையை எங்கங்க காணோம்?”