ராகுகாலத்துக்கு முந்திய கோளாறு

பிரிக்ஃபீல்ட்ஸில் கடைகளுக்கு இணையப் பக்கம் செய்து பிழைத்தாள் தவமணி. பக்கத்தில் ஒரு புள்ளி பிசகினாலும் அவளுக்குச் சோறு இறங்காது. 1999-இல் கிள்ளான் ஜவுளிக்கடை ஒன்று அவள் உயிரை வாங்கியது. படத்தின் மேல் மவுஸை வைத்தால், கடைப் பெயரில் இருக்கும் & குறி & என்று வந்து தொலைத்தது. அவள் ஏற்கெனவே கணினிக்கான குறியீடாக மாற்றிக் கொடுத்த குறியை மென்பொருளும் தன் பங்குக்கு இன்னொரு முறை மாற்றியிருந்தது. மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டு அதைச் சரிசெய்து, கடை முதலாளி முத்தையாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

“ஐயோ, எடுத்துட்டியாம்மா? அந்த ஏ, எம், பி மூணையும் சேர்த்துக் கூட்டினாதான் பேரு ஆறு வருது, ராசியான நம்பர்னு ஜோசியர் சொன்னாரு. கடை போர்டையே மாத்தி எழுதிட்டேன் லா!”

தவமணி, சரிசெய்த பக்கத்தை மறுபடி திறந்தாள்.

“வெள்ளிக்கிழமை பத்தரைக்குள்ள பழையபடி கெடுத்து வெச்சிடும்மா. அப்புறம் ராகுகாலம்.”