சொல்லாமல் கொடுத்த மருந்து

இரண்டு வருஷத்துக்கு முன்பு, ஒரு பங்குனி மாதம், காசிமேட்டில் என் அக்கா வீட்டில் நடந்தது இது. அந்த ஒற்றை அறை மாடி வீட்டில் அப்போது இருந்தது நாலு பேர். நான், அக்கா, அவளுடைய ஆறு வயது மகள், மூன்று வயது மகன். இல்லாதவர் அக்காவின் வீட்டுக்காரர். மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்குள் கடைசியாக ஒரு நடை என்று விசைப்படகில் கடலுக்குப் போயிருந்தார். திரும்பப் பத்து நாளாகும். அதுவரை போனும் கிடைக்காது.

அவர் கிளம்பிய மறுநாளே பெரியவளுக்குக் காய்ச்சல். அடுத்த நாள் கழுத்தில் இரண்டு நீர்க்கொப்புளம், சாயங்காலத்துக்குள் முதுகு முழுக்க. பக்கத்து வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். அக்கா உடனே வாசலில் வேப்பிலை செருகினாள். அடுப்பில் தாளிப்பு நின்றது. வீட்டுக்குள் மீன் வரக் கூடாது என்று சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

அம்மை என்றால் என்னவென்று எனக்குத் தெரியும், பயப்பட ஒன்றுமில்லை என்று நினைத்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் இரவு டூட்டி. அக்கா ஐந்தாவதோடு நின்று இறால் உரிக்கப் போனவள். அந்த வித்தியாசம் என் மனதில் தேவைக்கு அதிகமாகவே இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

"டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாம்க்கா, காய்ச்சலுக்காவது மருந்து குடுக்கலாம்" என்று வாசலுக்கு வந்திருந்த பக்கத்து வீட்டார் எதிரிலேயே சொன்னேன். அக்கா சீறிவிட்டாள்.

"தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் இந்த வூட்ல மருந்து மாத்திரைன்னு பேச்சே எடுக்கக் கூடாது. கடல்ல ஒரு மனுசன் கீறாரு, நெனப்பு கீதா உனுக்கு? இங்க நான் தப்பு பண்ணா அங்க அவரு தலையில வுடியும். படிச்சவன்னா மூடிகினு இரு."

வாசலில் நின்றவர்கள் தலையாட்டினார்கள். கடலுக்குப் போனவன் பத்திரமாகத் திரும்புவது வீட்டில் இருப்பவள் நடந்துகொள்வதில் இருக்கிறது என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பிள்ளைக்கு என்னால் ஆனதைச் செய்தேன். நகத்தை ஒட்ட வெட்டினேன். பழைய வேட்டியைக் கிழித்து விரித்துப் படுக்க வைத்தேன். அரிக்கிறது என்று அவள் கையைத் தூக்கும்போதெல்லாம், "சொறியாதே, எடத்தைக் காட்டு" என்று சொல்லி, இளநீர் உறிஞ்சிய ஸ்டிராவால் அந்த இடத்தில் ஊதுவேன். கூச்சத்தில் சிரிப்பாள். அக்கா வேப்பிலைக் கொத்தால் தடவிக்கொண்டே இருப்பாள். சின்னவன் தனக்கும் ஊதச் சொல்லி அழுவான். ஆனால் காய்ச்சல் மட்டும் இறங்கவில்லை. உடம்பைத் தொட்டால் கை சுட்டது.

இரண்டாம் நாள் டூட்டி முடிந்து வரும் வழியில் ஒரு மருந்துக் கடையில் காய்ச்சல் சிரப் வாங்கினேன். என்ன நோய் என்று கடைக்காரர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பாட்டிலை பைக் பெட்டிக்குள் வைத்தேன். காலையில் அக்கா கோயிலுக்குத் தண்ணீர் ஊற்றப் போகும்போது ஒரு ஸ்பூன். மதியம் அவள் துணி அலசக் கீழே போகும்போது ஒரு ஸ்பூன். சாயங்காலம் விளக்கேற்றப் போகும்போது ஒரு ஸ்பூன். "அம்மாகிட்ட சொல்லக் கூடாது, சரியா?" என்பேன். பிள்ளை வாயைத் துடைத்துக்கொண்டு தலையாட்டும். காய்ச்சல் கொஞ்சம் விட்டு விட்டு வந்தது. பார், அறிவு ஜெயிக்கிறது என்று எனக்குள் ஒரு பெருமை.

ஐந்தாம் நாள் காலை நான் வந்தபோது பிள்ளை வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். கொடுத்த இளநீர் அப்படியே வெளியே வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினாள். கூப்பிட்டால் கண்ணைத் திறந்தாள், திறந்த கண் என்னைப் பார்க்கவில்லை. ஸ்டிராவால் ஊதினேன். சிரிக்கவில்லை.

அம்மை மூளைக்கு ஏறலாம் என்று போனில் படித்திருந்தேன். "அக்கா, நீ திட்டு, அடி, என்னா வேணா பண்ணு. நான் தூக்கிகினு போறேன்" என்றேன். பெரிய சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. முகம் வெளுத்துப்போய், சின்னவனைக் கீழ்வீட்டில் விட்டுவிட்டு, புடவை முந்தானையில் நாலு வேப்பிலையை முடிந்துகொண்டு இறங்கினாள். அந்த அமைதி எனக்கு அப்போதே விசித்திரமாகப் பட்டது.

ஆட்டோக்காரர் வேப்பிலையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"எவ்ளோண்ணே?"

"ஆத்தாவ ஏத்திகினு போறேன், பேரமா பேசுவேன்? ஏறு நைனா."

லாரிகள் வரிசையாக நின்ற ரோட்டில் சந்து சந்தாக நுழைந்து ஓட்டினார். இறங்கியதும் பேரம் பேசாமல் முந்நூறு வாங்கிக்கொண்டார், அது வேறு விஷயம்.

பெரிய ஆஸ்பத்திரியில் அம்மைப் பிள்ளைகளைத் தனியாகப் பார்க்கும் அறைக்கு அனுப்பினார்கள். டாக்டரம்மாவுக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். வயிற்றை அழுத்திப் பார்த்தார், கண்ணில் டார்ச் அடித்தார்.

"காய்ச்சலுக்கு ஏதாவது மருந்து குடுத்தீங்களா?"

அக்கா என் பக்கத்திலேயே நின்றாள். நான் தரையைப் பார்த்தேன். சொன்னால் என்ன ஆகும் என்று ஒரு நொடியில் ஓடியது. பிள்ளைக்கு ஏதாவது ஆனாலும் சரி, கடலில் இருப்பவருக்கு ஏதாவது ஆனாலும் சரி, அக்கா வாழ்நாள் முழுக்க என் மூஞ்சியில் முழிக்க மாட்டாள்.

"இல்ல மேடம்" என்றேன். அதே நேரம் அக்காவும், "இல்லம்மா" என்றாள்.

"மாத்திரை, சிரப், எதுவுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்ல."

"சரி, சூடு நூத்தி ரெண்டு இருக்கு. முதல்ல காய்ச்சலைக் குறைக்கலாம்" என்று நர்ஸிடம் மருந்தின் பெயரைச் சொன்னார். அந்தப் பெயர் என் பைக் பெட்டிக்குள் இருக்கும் பாட்டிலில் எழுதியிருந்த பெயர். நர்ஸ் சின்ன பாட்டில் ஒன்றை எடுத்து வந்து கம்பியில் மாட்டினார். குழாயைத் தட்டிக் காற்றை வெளியேற்றினார். பிள்ளையின் கையைப் பிடித்து நரம்பு தேடினார்.

ஊசி நுனி தோலுக்குப் பக்கத்தில் போய்விட்டது.

"மேடம், நிறுத்துங்க. நான் குடுத்தேன். மூணு நாளா குடுத்துகினு இருக்கேன். அக்காவுக்குத் தெரியாது."

அக்கா என் பக்கம் திரும்பினாள். அடிக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன்.

"நீயும் குடுத்தியாடா?"

எனக்குப் புரிய கொஞ்சம் நேரமானது. 'நீயும்' என்றாள்.

கட்டிலில் இருந்து பிள்ளை மெல்லிய குரலில் சொன்னாள். "ரெண்டு பேருமே சொல்லக் கூடாதுன்னீங்க."

டாக்டரம்மா நர்ஸின் கையைப் பிடித்து நிறுத்தினார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ஒரு தாளை எடுத்தார். "இப்ப கோவிச்சுக்க நேரமில்ல. யார், எத்தனை மணிக்கு, எவ்வளவு குடுத்தீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

நான் ஒரு ஸ்பூன் என்றேன். எந்த ஸ்பூன் என்று கேட்டார். வீட்டு ஸ்பூன். எத்தனை மில்லி? தெரியவில்லை. பட்டதாரிக்குப் பதில் இல்லை. அக்கா சொன்னாள். "மூடியில அஞ்சுன்னு போட்ட கோடு வரைக்கும்மா. இவன் தூங்கறப்ப பத்து மணிக்கு ஒரு தபா. இவன் டூட்டிக்குப் போனப்புறம் ராத்திரி ஒம்போது, ஒரு மணி, விடிகாலம் அஞ்சு மணி. நேத்து நடுவுல ஒண்ணு குடுக்கல, தூங்கிப்பூட்டா." பாட்டிலை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்திருந்தாளாம்.

என்னுடையது மூன்று, அவளுடையது நான்கு. ஒரு நாளைக்கு ஏழு தடவை, மூன்று நாள். டாக்டரம்மா எடையைப் போட்டுக் கணக்குப் பார்த்தார். முகம் மாறியது. அதிகமாகப் போனால் இந்த மருந்து ஈரலைப் பாதிக்கும், வாந்தியும் வயிற்று வலியும் அதனாலேயே இருக்கலாம் என்றார். ரத்தம் எடுத்தார்கள். அதை முறிக்கும் வேறு ஒரு மருந்தை ஏற்ற ஆரம்பித்தார்கள். "சாயங்காலம் ரிசல்ட் வந்தாத்தான் எதுவும் சொல்ல முடியும்."

மூளைக்கு ஏறியிருக்கலாம் என்று பயந்து ஓடி வந்த எனக்கு, என் கையாலேயே செய்துவிட்டேன் என்று தெரிந்த பிறகு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வராந்தாவில் அக்கா சுவரோரமாகக் குந்தியிருந்தாள்.

"ஏங்க்கா என்கிட்ட சொல்லல? நான்தானே முதல்ல கேட்டேன்?"

"உன்கிட்ட சொன்னா நீ சும்மா இருப்பியா? பாத்தியா நான் சொன்னேன்ல, சொன்னேன்லன்னு தெருவுக்கே கிளாஸ் எடுப்ப. வாயத் தொறந்து சொல்லாத வரைக்கும் ஆத்தா கண்டும் காணாம மன்னிச்சிடுவான்னு நெனச்சேன்." மூக்கைச் சிந்தினாள். "புள்ள அனலாக் கொதிக்கறப்ப எவ பாத்துகினு இருப்பா? ஸ்கூலுக்குப் போனாத்தான் அது தெரியணுமா?"

நான்கு நாளாக அவளை ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்து, அவள் முதுகுக்குப் பின்னால் ஜெயித்துக்கொண்டிருந்தவன் நான்.

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு டாக்டரம்மா கூப்பிட்டார். ஈரல் கணக்கு கொஞ்சம் ஏறியிருந்தது. கைமீறிப் போகவில்லை. மறுநாள் காலை மறுபடி எடுத்தபோது இறங்கத் தொடங்கியிருந்தது. மூன்றாம் நாள் பிள்ளை இட்லி கேட்டாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா, "வேப்பிலை போடுங்க, இளநீர் குடுங்க, சாமி கும்பிடுங்க. நாங்க யாரும் வேணாம்னு சொல்லல. குடுத்த மருந்தை மட்டும் மறைக்காதீங்க" என்றார்.

அக்கா வீட்டுக்காரர் குறிப்பிட்ட நாளில் நல்லபடியாகக் கரை சேர்ந்தார். அக்கா பயந்து பயந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தலையைத் துவட்டிக்கொண்டே, "போட்டுல எனக்கு ஜொரம் வந்தா நான் மாத்திர போட்டுகினு தானேம்மே வலை இழுக்கறேன்?" என்றார். அக்கா கையிலிருந்த சொம்பை அவர் மேல் எறிந்தாள்.

இரண்டு வாரத்தில் சின்னவனுக்கும் அம்மை போட்டது. இந்த முறை முதல் நாளே டாக்டரிடம் காட்டினோம். வாசலில் வேப்பிலையும் இருந்தது, மேஜை மேல் மருந்தும் இருந்தது. மருந்தைப் பற்றி வாயால் பேச மட்டும் அக்கா கடைசி வரை சம்மதிக்கவில்லை. "பேசத்தானே கூடாது? பொட்டு வெக்கலாம்ல?" என்றாள். ஒவ்வொரு முறை கொடுத்ததும் காலண்டரில் நேரத்துக்கு நேராக மஞ்சளால் ஒரு பொட்டு. நானும் டூட்டி முடிந்து வந்ததும் முதலில் அந்தப் பொட்டைத்தான் பார்ப்பேன்.

ஆஸ்பத்திரியில் எங்களிடம் ஒரு பைசா வாங்கவில்லை. ஆட்டோ போக வர அறுநூறு. என் மூன்று நாள் சம்பளப் பிடித்தம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது. டீ, இட்லி, பாய், வாளி என்று அறுநூற்றுத் தொண்ணூறு. மருந்து பாட்டில் இரண்டும் தொண்ணூறு. ஒரே அறைக்குள் இருந்த அக்காவும் தம்பியும் ஒருவரிடம் ஒருவர் ஒரே ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்ததற்கு ஆன செலவு அது. பிள்ளை பிழைத்து வீடு வந்ததால்தான் அதை இன்றைக்கு ரூபாயில் சொல்ல முடிகிறது: மூவாயிரத்து முந்நூற்று முப்பது.