உயரமான சீட்டும் ஒரு கல்லும்

யாரும் குறுக்கே வராத சாலையிலும் என் மனைவி பேச்சியம்மாள் மணியடித்துக்கொண்டே சைக்கிள் ஓட்டுவாள். ஏன் என்று கேட்டால், "மணி இருக்குல்லா" என்பாள். அதற்குமேல் அவளிடம் காரணம் கிடையாது.

சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்தவள். இங்கே பிளாக்குக்கு பிளாக் நேராக ஓடும் அகலமான தார்ச்சாலையைப் பார்த்ததும் சைக்கிள் ஆசை வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏறினாள். சாயங்காலம் முழங்கையில் சிராய்ப்போடு இறங்கினாள். அதோடு பயிற்சி முடிந்தது. ஆசிரியப் பயிற்சி முடித்துப் பல வருஷம் காத்திருந்து பக்கத்து ஊரான வடக்குத்துத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு கிடைத்தபோது, என்னிடம் சொல்வதற்கு முன்னால் சைக்கிளிடம்தான் சொன்னாள். "கேட்டியா, நமக்கு வேலை கிடைச்சுட்டு."

எண்பத்து மூன்றாம் வருஷம் ஆடி மாதம். குவார்ட்டர்ஸ் பின்புறம் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பாசி வழுக்கி விழுந்தாள். எலும்பு முறியவில்லை. ஆனால் வலது இடுப்பில், தொடை வந்து சேருகிற இடத்தில், ஒரு வலி வந்து குடியேறிவிட்டது. டாக்டர் சுருக்கமாகச் சொன்னார்: வலிக்காமல் ஓட்ட முடிந்தால் ஓட்டலாம்; குதித்து இறங்கவே கூடாது; வலித்தால் சைக்கிளை மறந்துவிட வேண்டியதுதான்.

சைக்கிளை மறந்தால் வேலையையும் மறக்க வேண்டியிருந்தது. பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து பள்ளிக்கு நடக்க வேண்டும். நடந்தால் இன்னும் அதிகமாக வலித்தது. எனக்கு மைன்ஸ் ஆபீசில் ஷிப்டு வேலை; தினமும் கொண்டுபோய் விட முடியாது. பாதி தூரம் ஓட்டி, பாதி தூரம் தள்ளி, பிரேயர் முடிந்தபின் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தாள். தலைமையாசிரியர் சோமசுந்தரம் நல்ல மனிதர். "காலாண்டுப் பரீட்சை முடியட்டும் டீச்சர். அன்னைக்கு ஒரு முடிவைச் சொல்லுங்க. ஒண்ணாம் வகுப்பை ஆளில்லாம விட முடியாது பாருங்க" என்றார். அதைச் சொல்லும்போது அவர் இவள் முகத்தைப் பார்க்கவில்லையாம்.

விஷயம் பிளாக் முழுக்கப் பரவியது. நெய்வேலிக்காரர்களிடம் ஒரு வலியைச் சொன்னால் மருந்து சொல்ல மாட்டார்கள், ரிப்பேர் சொல்வார்கள். பக்கத்து வீட்டுப் பரமசிவம் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவு ஃபிட்டர். அவர் சைக்கிளைச் சுற்றி வந்து, சீட்டை விரலால் சுண்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது வைப்ரேஷன். மெஷின் ஆடுனா நாங்க என்ன செய்வோம்? அடியில ரப்பர் பேக்கிங் கொடுப்போம். டீச்சருக்கும் அதேதான்."

"என்னைய மெஷின்னு சொல்லுதாரு பாருங்க" என்றாள் பேச்சி.

"மெஷினுக்குக்கூட இம்புட்டு வாய் கிடையாது டீச்சர்."

ஏலத்தில் எடுத்த பழைய பெல்ட்டுத் துண்டு ஒன்று அவரிடம் இருந்தது. அதை வெட்டி, இருந்த சீட்டைவிட இரண்டு பங்கு அகலமாக ஒரு பலகைபோல் பொருத்தினார். அதன்மேல் நான் கடலூரிலிருந்து வாங்கி வந்த ஸ்பாஞ்ச். அதற்கும் மேல் பரமசிவத்தின் மனைவி கஸ்தூரியம்மாள் இலவம் பஞ்சு அடைத்து, பூப்போட்ட துணியில் உறை தைத்தாள். எதிர்வீட்டு ஜெயராமன் சுரங்கத்துப் பாதுகாப்பு வாரக் கமிட்டியில் இருந்தவர். "ரெண்டு காலும் முழுசாத் தரையில ஊனணும். சேஃப்டி முக்கியம்" என்று சீட்டைக் கடைசிவரை இறக்கிவிட்டார். வேலை முடிந்து எல்லோரும் தள்ளி நின்று பார்த்தோம். சைக்கிள்மேல் ஒரு சின்னத் திண்டு உட்கார்ந்திருந்தது.

பேச்சி ஏறிக் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தாள். முட்டி இரண்டும் வயிற்றை இடித்தன.

"எப்படி இருக்கு?" என்றாள் கஸ்தூரி.

"மெத்துன்னு இருக்கு" என்றாள் பேச்சி. அது உண்மை. வலி குறைந்ததா என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அன்றைக்கு இரவு என்னிடம்தான் சொன்னாள்: "வலி கூடத்தான் செய்யுது. அவுக ஆசையாச் செஞ்சிருக்காக, எப்படிங்க சொல்ல?"

அடுத்து வந்த நாட்களில் மெத்தை இன்னும் உயர்ந்தது. அவள் முகம் சுருங்கினால் கஸ்தூரி இன்னும் ஒரு பிடி பஞ்சைத் திணித்தாள். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் வைத்தே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பாள், மறந்துவிடக்கூடாது என்பதுபோல.

பரீட்சை முடிவதற்கு முந்தைய நாள் மழை வந்தது. மதியம் இடித்துக் கொட்டியது. சைக்கிள் பள்ளி மைதானத்தில் வெட்டவெளியில் நின்றது. சாயங்காலம் மழை விட்டபின் பேச்சி ஏறி உட்கார்ந்திருக்கிறாள். பஞ்சும் ஸ்பாஞ்சும் குடித்து வைத்திருந்த தண்ணீர் மொத்தமும் ஒரே நேரத்தில் வெளியே வந்தது. ஒன்றாம் வகுப்பு முழுக்கக் கைதட்டியதாம். பேச்சியும் சிரித்துவிட்டாள். சொட்டச் சொட்டச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வடக்குத்து சடையப்பன் கடைக்குப் போனாள்.

சடையப்பன் பஞ்சர் ஒட்டுகிறவர், வாடகை சைக்கிளும் விடுகிறவர். சீட்டை இரண்டு விரலால் அழுத்தினார். மறுபடியும் தண்ணீர் வந்தது.

"இன்னா டீச்சர் இது, எருமை மடி கணக்கா?"

"காயப் போடுங்க. எனக்கு வீட்டுக்குப் போக ஒரு வண்டி கொடுங்க."

"லேடீஸ் வண்டி ஒண்ணுதான் கீது. அதுல யாரும் குந்த மாட்டாங்க. சீட்டு கட்டை மாதிரி இருக்கும். இறக்கலாம்னா போல்ட்டு துருப்புடிச்சிக்கினு நகர மாட்டேங்குது."

வேறு வழியில்லை. ஒரு திட்டில் கால் வைத்து ஏறினாள். தோல் தேய்ந்து கறுத்த, ஒடுங்கிய பழைய சீட்டு. உயரம் வேறு. கால் தரையில் எட்டாது. பல்லைக் கடித்துக்கொண்டு மிதிக்க ஆரம்பித்தவள், நுழைவு ஆர்ச்சைத் தாண்டி டவுன்ஷிப் சாலைக்குள் வந்தபிறகுதான் பல்லைக் கடிக்க வேண்டிய அவசியம் இல்லை என்று கண்டுபிடித்தாள்.

வீட்டு வாசலில் மணிச் சத்தம் விடாமல் கேட்டது. போய்ப் பார்த்தால் கேட்டைப் பிடித்துக்கொண்டு சைக்கிள்மேலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

"வலிக்கலங்க!"

"இறங்கி வந்து சொல்லு."

"இறங்க முடியல. ஸ்டூலைக் கொண்டாங்க. ஆனா வலிக்கல!"

ஸ்டூலில் கால் வைத்து இறங்கி, வராந்தாவிலேயே விளக்கினாள். அகலமான சீட்டில் உட்கார்ந்தால் தொடை இரண்டும் விலகிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு மிதிக்கும் கால் அந்த விளிம்பைச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. தாழ்ந்த சீட்டில் முட்டி மேலே ஏறும்போது இடுப்பு மடங்கிப் பிசைகிறது. மெத்தையோ உடம்பை உள்ளே அமுக்கி அசையவிடாமல் வைத்துக்கொள்கிறது. "எலும்பு ஒக்கார இடம் இருந்தாப் போதும். தொடை சும்மா தொங்கணும், கால் நீளணும். நாம எல்லாத்தையும் தலைகீழாச் செஞ்சிருக்கோம்" என்றாள்.

அன்று சாயங்காலமே என்னையும் இழுத்துக்கொண்டு சடையப்பன் கடைக்குத் திரும்பினாள். தன் சைக்கிளுக்குத் தோதாக ஒரு சீட்டு வேண்டும் என்றாள். அவர் பளபளப்பான புது ஸ்பிரிங் சீட்டை எடுத்து வைத்தார்.

"அகலம். அடுத்தது."

"இது டாக்டருங்க போடுறது டீச்சர்."

"அவங்களுக்கு இடுப்பு வலி இல்லை. அடுத்தது."

சாக்கில் கிடந்த சீட்டெல்லாம் வெளியே வந்தன. நான் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, ஒவ்வொன்றிலும் ஏறி, கால்களை மாற்றி மாற்றி ஆட்டிப் பார்த்தாள். புடவைக் கடையில்கூட அவள் இவ்வளவு நேரம் எடுத்ததில்லை. கடைசியில், முன்பக்கம் ஒல்லியாகவும் பின்பக்கம் எலும்புக்கு மட்டும் இடம் கொடுப்பதாகவும் ஒரு பழைய தோல் சீட்டைப் பிடித்தாள். மூக்கைத் தூக்கி வைத்தால் முதுகு இழுத்தது. தாழ்த்தினால் முன்னால் சறுக்கியது. சமமாக வைக்கச் சொன்னாள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகால் அதைத் தொட்டுக் கால் ஏறக்குறைய நேராக நிற்கும்வரை உயர்த்தச் சொன்னாள்.

"தரையில காலு எட்டாதே டீச்சர்? எப்படி எறங்குவே?" என்றார் சடையப்பன்.

"போற இடத்துல ஏதாவது கல்லு கிடக்கும்" என்றாள்.

பூப்போட்ட மெத்தையை என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டிருந்தபோது, பள்ளிச் சத்துணவுக்கூடத்தில் சமைக்கிற விருத்தாம்பாள் அந்தப் பக்கம் வந்தாள். அதை அப்படியே பிடுங்கிக்கொண்டாள். "எனக்குக் குடு டீச்சர். தரையில குந்திகினு அடுப்பு ஊதி ஊதி முதுவு வுட்டுப்போச்சு."

மறுநாள் காலையில் பரமசிவம் வாசலில் நின்று ஒல்லிச் சீட்டையே பார்த்தார்.

"டீச்சர், நம்ம சீட்டு எங்க?"

"சத்துணவுக்கூடத்துல இருக்கு அண்ணாச்சி."

"சமைச்சுட்டாங்களா?"

"இனி விருத்தாம்பா அதுல உக்காந்துதான் சமைக்கப் போகுது. நேத்தே உக்காந்து பாத்துட்டு. ராணி மாதிரி இருக்காம்."

பரமசிவம் ஒல்லிச் சீட்டை விரலால் சுண்டிப் பார்த்தார். "ரப்பர் நல்லா வேலை செய்யுதா?"

"அங்க பிரமாதமாச் செய்யுது."

"அப்போ டிசைன்ல தப்பில்ல. ஆள் மாறிப்போச்சு" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பினார்.

அன்றுதான் பரீட்சையின் கடைசி நாள். எனக்கு மதிய ஷிப்டு. மனம் கேட்காமல் நானும் என் சைக்கிளில் பின்னாலேயே போனேன். அவளைப் பிடிக்க முடியவில்லை. மணிச் சத்தம் மட்டும் முன்னால் போய்க்கொண்டிருந்தது. நான் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் மைதானத்தில் கொடிக்கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். பின்னால் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். வாசலில் சோமசுந்தரம் சாக்பீஸும் கையுமாக நின்றார்.

"டீச்சர், என்ன இது? பிரேயருக்கு மணியடிக்கப் போறோம், இறங்குங்க!"

"இறங்க ஒரு கல்லு இல்லியே சார்!" அடுத்த சுற்றில் அவர் பக்கம் வரும்போது மீதியைச் சொன்னாள். "முடிவு கேட்டீங்கல்லா, நான் வேலையை விடல! ஒரு கல்லு மட்டும் போடச் சொல்லுங்க!"

சமையல்கூடத்தின் பின்னால் கிடந்த ஒரு பாறாங்கல்லை விருத்தாம்பாளும் நானும் உருட்டி வந்து கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் போட்டோம். பேச்சி அதில் கால் வைத்து இறங்கி, தலைப்பைச் சரிசெய்துகொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் வகுப்புக்குள் போனாள். கடைசிவரை ஒன்றாம் வகுப்பு அவளுடையதாகவே இருந்தது.

போன வாரம், அவள் காரியமெல்லாம் முடிந்தபின், அவள் பெட்டியில் இருந்த வகுப்புச் சாவியைக் கொடுப்பதற்காகப் பள்ளிக்குப் போனேன். அவள் சைக்கிளிலேயே போனேன், சீட்டை இறக்கவில்லை. எனக்கும் கால் தரையில் எட்டாது. அந்தக் கல் அதே இடத்தில் கிடக்கிறது, மேல்பக்கம் வழவழவென்று. அதில் கால் வைத்து நின்றபோது மைதானத்தில் யாரும் குறுக்கே வரவில்லை. ஆனாலும் மணியடித்தேன்.