தொப்பி போன மத்தியானம்

ஸ்டேஷனில் அவருக்குப் பட்டப்பெயர் 'விளக்கம்'. எந்தக் காவலருக்கு மெமோ வந்தாலும், "உன்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?" என்ற கேள்விக்குப் பதில் எழுதித் தருவது இந்த ஏட்டையாதான். சும்மா சொல்லக் கூடாது, அந்த வேலையில் மனுஷன் எமகாதகர். பரேடுக்கு வராதவனுக்கு வயிற்றுப்போக்கு, லேட்டாக வந்தவனுக்கு மாமியார் சீரியஸ். ஒரே காவலரின் மாமியாரை மூன்று தடவை சாகக் கிடத்திப் பிழைக்கவும் வைத்திருக்கிறார். இதில் வேடிக்கை என்னவென்றால், இன்ஸ்பெக்டருக்காக அந்த மெமோக்களை எழுதுவதும் அவரேதான். காலையில் குற்றம் சாட்டுவார், மத்தியானம் காப்பாற்றுவார்.

அவருடைய சர்வீஸ் புத்தகத்தில் மட்டும் இருபத்தாறு வருஷமாக ஒரு கீறல் கிடையாது. இன்னும் இரண்டு மாதத்தில் எஸ்.ஐ. ஆகப் போகிறார். சின்னத் தண்டனை ஒன்று பதிவானாலும் பட்டியலில் இருந்து பெயர் அடிபட்டுவிடும். அவர் மனைவியோ தெரு முழுக்கச் சொல்லி முடித்து, தோளில் குத்தும் நட்சத்திரத்தைக்கூட வாங்கி பீரோவில் வைத்துவிட்டாள்.

அப்படியிருக்க, ஒரு மத்தியானம் துப்பாக்கி அறைக்காரன் சாப்பிடப் போனான். ஏட்டையா அவன் நாற்காலியில் காவலுக்கு உட்கார்ந்தார், தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார், கண்ணை மூடினார். திறந்தபோது தொப்பியைக் காணோம். போலீஸ் ஸ்டேஷனிலேயே திருட்டா என்று கொதித்துப் போனார். மேஜைக்கு அடியில் குனிந்தார், லாக்கப்பில் இருந்தவனை விசாரித்தார், டீ கொண்டு வந்தவனின் கூடையைக்கூடக் கொட்டிப் பார்த்தார்.

அதற்குள் இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். பெரிய அதிகாரி திடீரென்று வந்து போனாராம், காவல் பணியில் தூங்கிய ஒருவரைக் கையும் களவுமாகப் பார்த்தாராம், மெமோ கடுமையாக இருக்க வேண்டுமாம். ஏட்டையாவுக்கு உற்சாகம் பொத்துக்கொண்டு வந்தது. உடம்பு சரியில்லை, மாமியார் சீரியஸ் என்ற பழைய பல்லவிகள் ஏற்கப்படமாட்டா என்று ஒவ்வொரு கதவாக இழுத்துச் சாத்தினார். பதிலளிக்க ஏழே நாள். பெயருக்கு மட்டும் இடம் விட்டார்.

இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு, "பிரமாதம்" என்றார். பிறகு டிராயரை இழுத்து, ஒரு தொப்பியை எடுத்து மேஜையில் வைத்தார். உள்பக்கம் ஏட்டையாவின் நம்பர்.

"பேரையும் நீங்களே எழுதிடுங்க ஏட்டையா."

பாவம், ஏட்டையா பேனாவை எடுத்தார். எழுதினார், வேறென்ன செய்வார்?

ஆறு நாள் எழுதி எழுதிக் கிழித்தார். எந்தப் பொய்யை எடுத்தாலும், அவரே சாத்திய கதவு எதிரில் நின்றது. ஏழாம் நாள் காலை மனைவி தட்டை நகர்த்திவிட்டுக் கேட்டாள், "நிஜமா என்னதான் நடந்துச்சு?"

"தூங்கிட்டேன்."

"அப்ப அதையே எழுதுங்க. இதுக்குப் போயி ஆறு நாளா?"

"எழுதினா நட்சத்திரம் போயிடும்டி."

"போனா போவுது. பீரோவுல அது பாட்டுக்கு இருக்கட்டும்."

எழுதினார்: 'காவல் பணியில் தூங்கிவிட்டேன். தூக்கம் வந்தது. தவறு என்னுடையது.' கொண்டு போய்க் கொடுத்தார்.

பெரிய அதிகாரி அந்த மூன்று வரியை இரண்டு தடவை படித்தாராம். இந்த ஸ்டேஷனில் இருந்து மாமியார் இல்லாமல் வந்த முதல் விளக்கம் என்றாராம். நேரில் நிற்க வைத்து நன்றாகத் திட்டினார், அதோடு விட்டார். புத்தகத்தில் ஒன்றும் ஏறவில்லை. ஏட்டையா வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நட்சத்திரம் தோளுக்கு வந்த வாரத்திலேயே இன்ஸ்பெக்டர் ஒரு தாளை நீட்டினார். அழுக்கு பூட்ஸுக்காக மெமோ வாங்கிய நெட்டைக் காவலரின் பதில். 'காவல் பணியில் தூங்கிவிட்டேன். தூக்கம் வந்தது. தவறு என்னுடையது.' ராசியான விளக்கம் என்று கேள்விப்பட்டு, எழுத்து மாறாமல் காப்பியடித்திருக்கிறான் அந்தப் புண்ணியவான்.

"தூங்கினதா அவனே ஒத்துக்கிட்டான். அதுக்குத் தனியா ஒரு மெமோ போடுங்க எஸ்.ஐ. சார்" என்றார் இன்ஸ்பெக்டர்.

புது எஸ்.ஐ. பேனாவைத் திறந்தார். குற்றத்தை வழக்கம்போலக் கடுமையாகவே எழுதினார். மாமியார் கதவை மட்டும் சாத்தாமல் விட்டார்.