நடுரோட்டில் கொடுத்த சாவி

மரியாதை என்றால் எழுந்து நிற்பது என்று பலர் நினைக்கிறார்கள். நான் பஸ் கண்டக்டர். என் வண்டியில் தினமும் எத்தனையோ பேர் நிற்கிறார்கள், உட்கார இடம் கிடைக்காத ஒரே காரணத்தால். அதனால் யார் யாருக்கு எழுந்து நிற்கிறார்கள் என்பதை வைத்து நான் ஆளை எடை போடுவதில்லை. மனதுக்குள் நான் கையெடுத்துக் கும்பிடுகிற மனிதர் ஒருவர்தான். என் அக்கா வீட்டுக்காரர். என் வண்டிக்கே டிரைவராகவும் இருந்தவர். சொந்த மாமா என்பதால் தூக்கிவைத்துப் பேசுகிறான் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

டிப்போவில் அவருக்குத் ‘தொட்டில்’ என்று பெயர். அவர் பிரேக் பிடித்தால் நின்றபடியே தூங்குகிறவன்கூட விழிக்க மாட்டான். கைக்குழந்தையோடு வருகிற பெண்கள் முன்னால் வரும் வண்டியை விட்டுவிட்டு எங்கள் வண்டிக்காகக் காத்திருப்பார்கள். எனக்காகத்தான் நிற்கிறார்கள் என்று நான் பீற்றிக்கொள்வேன். “ஆமா மாப்ளே, மீதிச் சில்லறை என்னிக்காவது தருவேன்னு நம்பி நிக்கிறாங்க” என்பார்.

விபத்தே இல்லாமல் ஓட்டியதற்காக ஒரு வருடம் அவருக்குப் பரிசு கொடுத்தார்கள். கெட்ட நேரமும் கூடவே வந்தது. எங்கள் டிரைவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எதிரே நம் டிப்போ வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை உயர்த்திக் காட்ட வேண்டும். வீட்டில் பெண்டாட்டியோடு என்ன சண்டை இருந்தாலும் அதை மட்டும் ஒருவரும் விடுவதில்லை. மாமா விட்டுவிட்டார். பரிசு வாங்கியதும் தொட்டிலுக்குத் தலைகால் புரியவில்லை என்று டீ குடிக்கிற இடத்தில் ஒரே பேச்சு. நான் அவர்களோடு மல்லுக்கு நின்றேன். பிறகு அவரையும் பிடித்துக்கொண்டேன்.

“ஏன் மாமா, ஒரு கையத் தூக்கினா என்ன குறைஞ்சிடப் போறீங்க?”

மறுநாளிலிருந்து எதிரே வந்த எல்லாவற்றுக்கும் கை காட்ட ஆரம்பித்தார். தண்ணீர் லாரிக்குக் காட்டினார். குப்பை வண்டிக்குக்கூடக் காட்டினார். குப்பை வண்டிக்காரர் பூரித்துப்போய் ஹாரன் அடித்துப் பதில் சொன்னார். டிப்போவே விழுந்து விழுந்து சிரித்தது. அந்த மனிதருக்கு எதிரே வருவது எது என்றே தெரியவில்லை என்பது எங்கள் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

ஒரு மதியம், பழுதாகி ரோட்டில் நின்ற எங்கள் டிப்போ வண்டிக்கும் கை காட்டினார். அதன் டிரைவர் சீட்டில் ஆளே இல்லை. அதில் வந்த ஜனங்கள் இறங்கி ரோட்டில் நின்றிருந்தார்கள். மாமா வேகத்தைக் குறைக்கவில்லை. “ஆளு மாமா, ஆளு!” என்று கத்திக்கொண்டே விசிலை ஊதினேன். அவர் வண்டியில் ஜனங்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். வண்டி நின்றபோது, இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் எங்கள் பம்பருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாள்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வேறு யாராக இருந்தாலும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு வண்டியை எடுத்திருப்பார்கள். மாமா ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார். சாவியை உருவி என் கையில் வைத்தார்.

“எல்லாரையும் அடுத்த வண்டில ஏத்திவிடு மாப்ளே. எனக்குக் கண்ணு சரியில்ல. நான் இனி ஓட்டக் கூடாது.”

எனக்கு மட்டும் கேட்கிற குரலில்தான் சொன்னார். இறங்கும்போது படி தடுக்கியது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெயிலில் பாதி வழியில் இறங்க வேண்டிவந்த ஜனங்களுக்கு அது போதாதா? “பட்டப்பகல்லயே ஊத்திக்கிட்டு வந்திருக்கான்” என்று ஒருவர் ஆரம்பித்தார். சாயங்காலத்துக்குள் அந்தப் பேச்சு தடம் முழுக்கப் பரவிவிட்டது.

கண் நரம்பு பட்டுப்போய்க்கொண்டே வருகிறது என்றார் டாக்டர். டிப்போ மேலாளர் மாமாவைத் தனியே கூப்பிட்டு, ஓய்வு பெறும்வரை லீவு போட்டுச் சமாளியுங்கள், டிரைவராகவே வீட்டுக்குப் போகலாம், கண்ணைப் பற்றி மூச்சு விடாதீர்கள் என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். மாமா கேட்கவில்லை. ஆபீஸில் மட்டும் உள்ளதை உள்ளபடி சொல்லி, வேறு வேலை கேட்டார். வண்டி கழுவுகிற இடத்தில் போட்டார்கள். நேற்றுவரை ஓட்டிய வண்டிக்கு ரப்பர் குழாயால் தண்ணீர் அடித்துக்கொண்டு நின்றார். சேறு போனதா என்று கையால் தடவிப் பார்ப்பார்.

அக்காவுக்கு டிரைவர் பெண்டாட்டி என்பதில் கொள்ளைப் பெருமை. கடைக்குப் போனாலும் யாராவது “உங்க வீட்டுக்காரர் வண்டிலதான் வந்தேன்” என்பார்கள். அன்றைக்கு முழுக்க அவள் கால் தரையில் பாவாது. இப்போது அதே கடையில் அவளைக் கண்டதும் பேச்சு நின்றது. ஒரு நாள் நான் இருக்கும்போதே வெடித்துவிட்டாள்.

“ஊரே குடிகாரன்னு சொல்லுது. கண்ணுல கோளாறுன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் தேய்ஞ்சா போயிடும்?”

“கண்ணு தெரியாம எத்தனை நாள் ஓட்டினேன்னு எனக்கே தெரியலை. வயசாச்சு, அதான் மங்கலா இருக்குன்னு நினைச்சுக்கிட்டே ஓட்டியிருக்கேன். பிள்ளைங்கள நம்பி என் வண்டில அனுப்பினவங்ககிட்ட அத எப்படிச் சொல்றது? நினைக்க நினைக்க அவங்களுக்கு வயிறு கலங்காதா? குடிகாரனாவே இருந்துட்டுப் போறேன்.”

“அப்ப நான்? நான் தலை நிமிர்ந்து நடக்க வேணாமா?”

அன்றோடு அக்கா அவரிடம் பேசுவதை விட்டாள். தட்டு வைக்கிற சத்தத்திலேயே சாப்பாடு வந்துவிட்டது என்று அவர் தெரிந்துகொள்ள வேண்டும். “சொட்டு மருந்து போட நேரமாச்சுன்னு உன் மாமாகிட்டச் சொல்லு” என்பாள் என்னிடம். அவர் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊர் பேசியதை அவர் உதறிவிட்டார். இவள் பேசாததுதான் அவரை அரித்தது. ஒரு நாள் டிப்போவில், குழாயை மூடிவிட்டு என்னிடம் கேட்டார்.

“உங்கக்காவும் நான் பண்ணினது தப்புன்னுதான் நினைக்கிறாளா மாப்ளே?”

இல்லை என்றேன். பொய் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.

பிறகு வண்டி கழுவுகிற வேலைக்கும் பார்வை போதவில்லை. கடைசி நம்பிக்கையாகப் பெரிய கண் ஆஸ்பத்திரிக்கு அக்காதான் கூட்டிப்போனாள். திரும்பும்போது என் வண்டியிலேயே ஏறினார்கள். கையைப் பிடித்து அவரை உட்காரவைத்தாள். டாக்டர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அவள் நடந்து வந்த விதத்திலேயே தெரிந்தது. இனி வெளிச்சம்கூடத் தெரியாது.

புது டிரைவர் ஒரு திருப்பத்தில் குலுக்கி நிறுத்தினான். முன் சீட்டில் இருந்த ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

“இதுக்கு அந்தப் பழைய டிரைவரே தேவலை. எவ்ளோ நல்லா ஓட்டுவாரு தெரியுமா? குடிதான் ஆளைக் கெடுத்துடுச்சு.”

சீருடை இல்லை, கறுப்புக் கண்ணாடி வேறு. பின் சீட்டில் இருப்பது அவர்தான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? மாமா தலை குனிந்துகொண்டார். அக்கா எழுந்தாள்.

“நீங்க சொல்றது என் புருஷனை. இதோ இவருதான். குடியை இவரு தொட்டதே இல்லைங்க. கண்ணு போகுதுன்னு தெரிஞ்ச அந்த நிமிஷமே வண்டிய நிறுத்திட்டு இறங்கினவரு. உங்க யாருக்கும் ஒரு கீறல் விழக் கூடாதுன்னு தன் பொழப்பையே விட்டாரு. யாரு என்ன பேசினாலும் பேசட்டும். இப்படி ஒரு மனுஷனோட வாழ நான் குடுத்து வச்சிருக்கணும்.”

அந்த அம்மா ஏதோ மன்னிப்புக் கேட்டாள், அக்கா காதில் வாங்கவில்லை. உட்கார்ந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

டிக்கெட் கொடுக்கிற சாக்கில் நான் மாமா பக்கத்தில் போய் நின்றேன். அவர் கையால் துழாவி என் சட்டையைப் பிடித்தார். குனியச் சொல்லி இழுத்து, காதோடு கேட்டார்.

“மாப்ளே, அதச் சொல்றப்ப அவ முகம் எப்படி இருந்துச்சு?”

சொல்ல வாயெடுத்தேன். நிமிர்ந்து பார்த்தேன், அக்கா இன்னும் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். அவர் சட்டையை விடவில்லை. நான் சொல்வேன் என்று காத்துக்கொண்டிருந்தார்.