செலுவம்பாவின் ஈட்டிப் படை

செலுவம்பாவிடம் நூற்று நாற்பது சிப்பாய்கள் இருந்தார்கள். எல்லாம் ஈயத்தில் வார்த்தவை. நின்றால் ஆள்காட்டி விரல் உயரம்கூட வராது. இருபத்திரண்டு வயதில் கணவனை இழந்து மைசூருக்கே திரும்பி வந்து, பி.ஏ.வும் எல்.டி. ஆசிரியப் பயிற்சியும் முடித்து, பெண்கள் ஹைஸ்கூல் ஒன்றில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவள் அவள். இந்தச் சேகரிப்பு தொடங்கியது சுதந்திரம் வந்த வருஷம். ஊரைவிட்டுக் கிளம்பிய வெள்ளைக்காரக் குடும்பங்கள் சாமான்களை ஏலத்தில் விட்டன. விலைபோகாத மிச்சம் தேவராஜ மொஹல்லாவின் பழைய சாமான் கடைகளில் வந்து குவிந்தது. கறிகாய் வாங்கப் போன ஒரு சனிக்கிழமை, துருவேறிய பிஸ்கட் டப்பாவுக்குள் பன்னிரண்டு குதிரைவீரர்கள் கிடப்பதைப் பார்த்தாள். தலைப்பாகை, கையில் ஈட்டி, பாய்ச்சலில் குதிரைகள். முதல் உலகப்போரில் மைசூர் ஈட்டிப் படை பாலஸ்தீனத்து ஹைஃபாவில் போரிட்டதை வருஷா வருஷம் கரும்பலகையில் படம் போட்டுச் சொல்பவள். அன்றைக்குக் கத்தரிக்காய் வாங்கவே மறந்து டப்பாவோடு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

சீமையில் தலைப்பாகைக் குதிரைவீரனை எல்லாம் ஒரே அச்சில்தான் வார்த்தார்கள், அது மைசூர்ப் படைதான் என்று சொல்ல ஆதாரம் இல்லை என்பது பிறகு தெரிந்தது. ஆனாலும் மற்ற சிப்பாய்கள் எத்தனை சேர்ந்தாலும் அந்தப் பன்னிரண்டு பேருக்குத்தான் அலமாரியின் நடுத்தட்டு. ஒருவனுடைய ஈட்டி முறிந்திருந்தது. பழைய வீணைத் தந்தியை வெட்டிப் பொருத்தினாள். ஒரு குதிரையின் காதை மெழுகு வைத்து ஒட்டினாள்.

முப்பத்தைந்து வயதுப் பெண்பிள்ளை பொம்மை வைத்து விளையாடுகிறாள் என்று தெருவில் சிரித்தார்கள். சிரிக்காதவன் அவளுடைய தம்பி திருநாராயணன் ஒருவன்தான். அரசாங்க இலாகா ஒன்றில் உதவி இன்ஜினியர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு ஆனதும் அக்காவின் அறையில் வந்து தரையில் உட்கார்ந்துகொள்வான். பலகையில் மணலைப் பரப்பி மேடும் பள்ளமும் அமைத்துக் கொடுப்பான். பழைய சிப்பாய்கள் உள்ளே பொள்ளலாக இருக்கும், அடியில் சின்னத் துளை இருக்கும், கையில் எடுத்தால் கனமே தெரியாது என்பதையெல்லாம் அவளிடமிருந்துதான் கற்றுக்கொண்டான். அவன் மனைவி பத்மாஸினி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, அக்காவுக்கும் தம்பிக்கும் உலகம் இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுப் போவாள்.

ஐம்பத்துமூன்றாம் வருஷம், தெரிந்தவர் ஒருவர் போட்டோ எடுக்க ஆசைப்படுகிறார் என்று சொல்லி அந்தப் பன்னிரண்டையும் திருநாராயணன் கேட்டு வாங்கிப் போனான். மூன்று வாரம் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தபோது எல்லாம் புது வர்ணத்தில் பளபளத்தன. பழசு உரிந்துபோயிருந்ததால் ஆள் வைத்துப் பூசச் சொன்னேன் என்றான். செலுவம்பாவுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. பழைய வர்ணத்தில் கை வைக்கக்கூடாது என்பது அவள் வழக்கம். ஆனால் தம்பி பிரியமாகச் செய்ததைக் குறை சொல்ல வாய் வரவில்லை. வீணைத் தந்தி ஈட்டி இருக்கிறதா, மெழுகுக் காது இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள். இரண்டும் இருந்தன. கண்ணை உறுத்தும் பளபளப்பைப் பார்க்கப் பிடிக்காமல் பன்னிரண்டையும் அவனையே கடைசித் தட்டில் வைக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

மறு வருஷம் திருநாராயணனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அவனுடைய மேலதிகாரி லிங்கராஜ அரஸ் என்பவர் சிப்பாய் பொம்மை சேகரிப்பவர் என்று செலுவம்பாவுக்குத் தெரிந்தது தலைமை ஆசிரியை வழியாகத்தான். அரஸின் பெண் அந்தப் பள்ளியில் படித்தாள். சரித்திர டீச்சர் வந்து பார்க்கவேண்டும் என்று அவரே சொல்லியனுப்பினார். வீட்டில் இதைச் சொன்னபோது, அவருக்கு ஒழிவே இருக்காது, இன்னொரு நாள் நானே கூட்டிப்போகிறேன் என்று திருநாராயணன் தடுத்துப் பார்த்தான். அவள் தனியாகவே போனாள்.

கண்ணாடி பீரோவின் இரண்டாம் தட்டில் அவளுடைய படை நின்றது. வர்ணம் உரிந்த அதே பன்னிரண்டு. மூன்றாவது ஆள் கையில் வீணைத் தந்தி. பார்க்கலாமா என்று கேட்டு அவனை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். கனமே இல்லை. அடியில் துளை இருந்தது. எங்கே கிடைத்தது என்று கேட்டாள். டீச்சர் யாரென்று அறியாத அரஸ், ஆபீசில் ஒரு இன்ஜினியர் அன்பாகக் கொடுத்தது என்று சந்தோஷமாகச் சொன்னார். அவள் வீரனைத் திரும்ப வைத்துவிட்டு, அவர் கொடுத்த பாதாம் பாலைக் குடித்து, நமஸ்காரம் சொல்லிவிட்டு வந்தாள்.

வீட்டில் கடைசித் தட்டைத் திறந்து ஒன்றை எடுத்தாள். கை தாழ்ந்தது. கெட்டி ஈயம். வழவழவென்ற அடியில் துளையே இல்லை. ஒரு வருஷமாகத் தொடாமலே இருந்திருக்கிறாள்.

திருநாராயணன் ஆபீசிலிருந்து வந்ததும் அதை அவன் கையில் கொடுத்தாள். அவன் மறைக்கவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, திரு."

"கேட்டா குடுத்திருப்பியா?"

"குடுத்திருக்க மாட்டேன்."

"அதான் கேக்கலை. பொம்மைதானே அக்கா. எனக்கு அது உத்தியோகம்."

பொம்மை என்று அவன் வாயிலிருந்து வந்தது அதுவே முதல் தடவை. தெரு முழுக்கச் சொன்னபோது சுடாத வார்த்தை அப்போது சுட்டது.

"எடுத்துண்டு போனதைக்கூட விடு. எதை நான் முதல்ல பாப்பேன்னு நோக்குத் தெரியும். தந்தி வெச்சு, மெழுகு வெச்சு, பாத்துப் பாத்துப் பண்ணச் சொல்லியிருக்கே. என்கிட்ட கத்துண்டதை வெச்சு என்னையே ஏமாத்தியிருக்கே."

அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் மறுபடி வெளியே போனான்.

மறுநாள் அவள் அரஸ் வீட்டுக்குப் போய், தான் யார், அந்தப் பன்னிரண்டு பேர் யாருடையவர்கள் என்று கன்னடத்தில் நேராகச் சொன்னாள். அவர் முகம் இறுகிவிட்டது. அக்காவுக்கு ஆசை விட்டுப்போயிற்று, அவரே கொடுக்கச் சொன்னார் என்றல்லவா உங்கள் தம்பி சொன்னார் என்றார். ஒவ்வொரு வீரனாகச் செய்தித்தாளில் சுற்றித் தன் கையாலேயே கட்டிக்கொடுத்தார். தம்பியின் வேலைக்கு எதுவும் வராது என்று அவள் கேட்காமலே சொன்னார். எதுவும் வரவும் இல்லை. ஆனால் திருநாராயணன் தானே மாற்றல் கேட்டு ஷிமோகாவுக்குப் போய்விட்டான். பத்மாஸினிதான் தீபாவளிக்குத் தீபாவளி ஒரு கார்டு எழுதினாள்.

படை நடுத்தட்டுக்குத் திரும்பியது. செலுவம்பா அதன்பின் புதிதாக ஒரு சிப்பாயும் வாங்கவில்லை. மணல் பலகையை விறகுக் கொட்டகையில் போட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பரீட்சைத் தாள் திருத்தினாள்.

அப்பாவின் திதிக்கு மட்டும் திருநாராயணன் வருவான். திதியை முடிப்பான், சாப்பிடுவான், உடம்பு எப்படியிருக்கு என்று கேட்பான். மூன்றாம் வருஷம் ரயிலுக்குக் கிளம்பும் முன் அவள் அறை வாசலில் வந்து நின்றான். அலமாரி தெரிந்தது. ஒரு காலை உள்ளே வைக்கப் போனான்.

"கதவைச் சாத்திடு, திரு. தூசி வரும்" என்றாள் அவள், தாளிலிருந்து தலை நிமிராமல்.

அவன் வெளியே நின்றபடியே சாத்தினான்.